87 கிராம் மரம்

கடந்த நல்லூர்த் திருவிழாவுக்கு ஒஸ்லோவிலிருந்து வந்த என் மைத்துனர், நான் கேட்டிருந்தபடியே, மேசைப்பந்து மட்டைக்கான ஐந்து பலகைப் பிளேட் ஒன்றை, அதாவது காபன் எதுவும் கலவாமல் ஐந்து மெல்லிய மரப் பலகைகளை அடுக்கி ஒட்டியதை, கொண்டுவந்து தந்தார். அதைக் கையில் வாங்கும் வரை ஏறத்தாழ ஒரு வருடம் எதைத் தெரிவு செய்வது என்று யோசித்திருக்கிறேன். இடையில் இரண்டு தடவை பிழையாகவும் தெரிவு செய்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் மேசைப்பந்துச் சாமான்களைத் தொட்டுப் பார்த்து வாங்கும் வசதி எங்களுக்குக் குறைவு. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் றப்பர் ஒட்டி வரும் ஆயத்த மட்டைகள். தனிப் பிளேட் வேண்டுமென்றால் கொழும்புக்குச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பெட்டியில் இடம் கேட்க வேண்டும். 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு மேல் ஏறிய பிறகு, ஒன்று சரிவராவிட்டால் இன்னொன்றை வாங்கிப் பார்ப்போம் என்று எண்ணவும் வழியில்லாமல் போய்விட்டது. எங்கள் சனசமூக நிலையத்தில் என்னுடன் விளையாடும் இளம் பிள்ளைகள் இதைப் பற்றி அடிக்கடி கேட்பதால், நான் அறிந்தவற்றை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

மட்டையில் றப்பர் ஒட்டப்படும் பலகையையே பிளேட் என்கிறோம். அதன் தடிப்பில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச மேசைப்பந்துச் சம்மேளனத்தின் விதி. இடையில் வைக்கப்படும் காபன் போன்ற நார்ப்படை ஒவ்வொன்றும் மொத்தத் தடிப்பின் 7.5 சதவீதத்தையோ 0.35 மில்லிமீற்றரையோ, இவற்றில் எது குறைவோ அதை, தாண்டக்கூடாது. ஆகவே காபன் பிளேட் என்று நாம் சொல்வதிலும் பெரும்பகுதி மரந்தான். ஆனாலும் அந்த மெல்லிய படை செய்யும் மாற்றம் பெரியது. பலகையின் வளைவைக் குறைத்து, பந்தை வேகமாக வெளியே அனுப்புகிறது. மட்டையின் நடுவை விட்டு விலகிப் பட்ட பந்தும் ஏறத்தாழ அதே வேகத்தில் போகும்படி செய்கிறது. உலகின் முன்னணி வீரர்களில் மிகப் பெரும்பாலானோர் இன்று நார்ப்படை வைத்த பிளேட்டையே பயன்படுத்துவதற்கு அதுவே காரணம்.

நானும் அதைப் பார்த்துத்தான் முதலில் காபன் பிளேட் ஒன்றை வாங்கினேன். மேசையிலிருந்து இரண்டு அடி பின்னால் நின்று ரொப்ஸ்பின்னுக்கு (மேற்சுழற்சி அடிக்கு) ரொப்ஸ்பின் அடித்த பொழுதெல்லாம் அது மிகவும் நன்றாக இருந்தது. ஆனால் எங்கள் நிலையத்துப் போட்டிகளில் அப்படிப்பட்ட அடி ஆட்டத்துக்குப் பத்துக்கூட வராது. மிச்சமெல்லாம் சேர்வை ஏற்பது, வலைக்குக் கிட்டப் புஷ் பண்ணுவது (கீழ்ச்சுழற்சியோடு தள்ளிவிடுவது), எதிராளியின் லூப்பை (கீழிருந்து மேலே இழுத்துச் சுழற்றும் அடியை) புளொக் பண்ணித் தடுப்பது என்பவைதான். அவற்றில் பந்து ஒரு சாண் நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. ஏன் போகிறது என்பதும் எனக்குப் பிடிபடவில்லை. என்னை வருத்தியது இந்த இரண்டாவது குறைதான். பிழை விடுவது இயல்பு, ஆனால் பிழைக்கான காரணத்தைக் கைக்குச் சொல்லாத மட்டையை வைத்துக்கொண்டு அதைத் திருத்துவது கடினம்.

பந்து றப்பரில் தங்குவது ஒரு செக்கனின் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே. அதற்குள் மணிக்கட்டு எதையும் மாற்றிவிட முடியாது. மரம் உணர்த்துகிறது என்று நாங்கள் சொல்வது, பந்து புறப்பட்ட பின்பு கைப்பிடி வழியாக விரல்களுக்கு வந்து சேரும் அதிர்வைத்தான். பந்து எவ்வளவு ஆழமாகப் பதிந்தது, உரசலாகப் பட்டதா அடியாகப் பட்டதா, நடுவில் பட்டதா நுனியில் பட்டதா என்பதையெல்லாம் அந்த அதிர்வு சொல்கிறது. கை அதை வைத்து அடுத்த அடியைத் திருத்துகிறது. நாள்தோறும் ஆறு மணித்தியாலம் பயிற்சி செய்பவருக்கு மற்ற வழிகளாலும் அந்த அறிவு வந்துவிடும். கிழமையில் இரண்டு மூன்று மாலை மட்டும் விளையாடுகிற எங்களுக்கு, ஒவ்வொரு அடியிலிருந்தும் கை எதையாவது கற்றுக்கொண்டாக வேண்டும். முழு மரப் பிளேட்டை நான் பரிந்துரைப்பது இந்தக் காரணத்துக்காகவே, விலை குறைவு என்பதற்காக அல்ல. நல்ல மரப் பிளேட்டுகள் சில, காபன் பிளேட்டுகளின் விலையை நெருங்குகின்றன.

மரத்தால் தாக்குதல் ஆட்டம் ஆட முடியுமா என்று சந்தேகப்படுபவர்களுக்குச் சுவீடன் அணியின் காலத்தை நினைவூட்டலாம். 1989 இல் டோர்ட்முண்டில் நடந்த உலகச் சம்பியன்ஷிப் போட்டியின் அணி இறுதியாட்டத்தில் சுவீடன் சீனாவை 5–0 என்று வென்றது; அதே போட்டியில் யான்-ஓவ் வால்ட்னர் ஒற்றையர் பட்டத்தையும் வென்றார். அன்று றப்பரின் அடிப்படையான ஸ்பொஞ்சைத் துள்ள வைக்கும் வேகப் பசை அனுமதிக்கப்பட்டிருந்தது, பந்தும் 38 மில்லிமீற்றராக இருந்தது. 2000 இல் பந்து 40 மில்லிமீற்றராகப் பெருத்தது, 2008 இல் வேகப் பசை தடை செய்யப்பட்டது, 2014 இல் செலுலொயிட் பந்தின் இடத்துக்குப் பிளாஸ்ரிக் பந்து வந்தது. ஒவ்வொரு மாற்றமும் சுழற்சியிலும் வேகத்திலும் கொஞ்சத்தைப் பறித்துக்கொண்டது. பறிபோனதை ஈடுசெய்யவே பலர் காபனிடம் போனார்கள். இந்த வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் றப்பர்களும் வெகுவாக முன்னேறியிருக்கின்றன. சங்க மட்டத்து ஆட்டத்துக்கு வேண்டிய வேகத்தை இன்றைய றப்பரே பெருமளவு தந்துவிடுகிறது.

இனி, ஐந்து பலகையா ஏழு பலகையா என்ற கேள்வி. தாக்குதல் ஆட்டத்துக்கான ஐந்து பலகைப் பிளேட்டுகள் பெரும்பாலும் 5.5 முதல் 6 மில்லிமீற்றர் தடிப்பில் வருகின்றன. ஏழு பலகை அதைவிடத் தடித்தது. கண்ணுக்கு அரை மில்லிமீற்றர் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒரு பலகையின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மரமும் அடுக்கும் ஒன்றாகவே இருந்தால், 5.5 மில்லிமீற்றர் பலகையைவிட 6 மில்லிமீற்றர் பலகை ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல் விறைப்பாக இருக்கும். பெட்டியில் எழுதியிருக்கும் வேக எண்களை நான் நம்புவதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த அளவுகோலையே வைத்திருக்கிறது. தடிப்பையும் நிறையையும் எந்த நிறுவனமும் தன் விருப்பப்படி அளக்க முடியாது.

ஐந்து பலகை வளைந்து கொடுக்கும். லூப் அடிக்கும்போது பந்தைக் கொஞ்சம் பிடித்து வைத்திருந்து பிறகு விடுவது போன்ற உணர்வு வரும். பந்தின் வளைவு உயரமாக அமைவதால் வலையைத் தாண்டுவதில் தயக்கம் இராது. ஏழு பலகையில் பந்து நேராகப் பாயும். புளொக்கிலும் தட்டையான அடியிலும் அது திடமாக நிற்கும், எதிராளியின் சுழற்சிக்கு அசையாது. மேசைக்குக் கிட்ட நின்று, பந்து எழும்பும்போதே அடிக்கும் பழக்கமுள்ளவருக்கு ஏழு பலகை பொருந்தும். கீழிருந்து மேலே இழுத்துச் சுழற்றுபவருக்கு ஐந்து பலகை. இரண்டும் கலந்து ஆடுபவர், தான் புள்ளி எடுப்பது எந்த அடியால் என்று யோசிப்பதைவிட, புள்ளி இழப்பது எந்த அடியால் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. நான் ஒரு மாதம் கொப்பியில் எழுதிப் பார்த்தேன். நான் இழந்த புள்ளிகளில் அரைவாசிக்கு மேல், எதிராளியின் கீழ்ச்சுழற்சிப் பந்தை முதல் தடவை லூப் பண்ணும்போது வலையில் விழுந்தவை. அன்றே ஐந்து பலகை என்று முடிவாயிற்று.

இதைப் பற்றி எனக்கு அதிகம் விளங்கப்படுத்தியவர், மேசைப்பந்து விளையாடியே அறியாத எங்கள் ஊர் ஓடாவியார், அதாவது மரவேலை செய்பவர், ஒருவர். ஒரு நாள் என் பிளேட்டையும், அதே பெயரும் அதே வகையுமான நண்பன் ஒருவனின் பிளேட்டையும் எடுத்துக்கொண்டு அவருடைய பட்டறைக்குப் போனேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பிளேட்டின் விளிம்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பெருவிரல் நகத்தால் அடுக்குகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "தம்பி, வெளிப் பலகையும் நடுப் பலகையும் ஒரே பக்கமா ஓடுது, இடையிலை இருக்கிறது குறுக்காலை ஓடுது. இது நெளியாமல் நிக்கிறது அந்தக் குறுக்குப் பலகையாலைதான்" என்றார். பிறகு இரண்டையும் கைப்பிடியில் இரண்டு விரலால் மட்டும் தொங்கவிட்டு, மற்றக் கையின் விரல் மொழியால் நடுவில் தட்டிக் காதுக்குக் கிட்டப் பிடித்துக் கேட்டார். ஒன்று கனத்த குரலில் ஒலித்தது; மற்றது அதைவிடக் கூர்மையாக, கொஞ்சம் உயர்ந்து ஒலித்தது. "பேர் ஒண்டு, மரம் ரெண்டு" என்று சொல்லித் திருப்பித் தந்தார். வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்று 84 கிராம், மற்றது 91 கிராம்.

அந்த 7 கிராம் வித்தியாசம் தொழிற்சாலையின் பிழையன்று. ஒரே மரத்தின் அடிப்பகுதியும் நுனிப்பகுதியும்கூட ஒரே அடர்த்தியில் இருப்பதில்லை. ஒரே பெயரில் வரும் பிளேட்டுகள் நிறையில் ஐந்தாறு கிராம் முன்பின்னாக இருப்பது வழக்கம். பொதுவாகக் கனமானது கொஞ்சம் வேகமாகவும் விறைப்பாகவும் இருக்கும். ஆகவே பெயரைத் தெரிவு செய்வது பாதி வேலைதான். அந்தப் பெயரில் எந்தத் துண்டு உங்கள் கைக்கு வருகிறது என்பதே மற்றப் பாதி. கடைக்காரரிடமோ, வெளிநாட்டில் வாங்கித் தரும் உறவினரிடமோ நிறையைக் கேட்கக் கூச்சப்படக்கூடாது. இரண்டாவது தடவை நான் பிழை விட்டது இங்கேதான். கேட்காமல் வாங்கிய ஏழு பலகைப் பிளேட் 96 கிராம் இருந்தது. இரண்டு பக்கமும் றப்பர் ஒட்டிய பின் மொத்தம் 195 கிராமைத் தாண்டியது. இரண்டு மாதத்தில் தோள்பட்டையில் நோவு தொடங்கியது. பாக்ஹான்டிலிருந்து போர்ஹான்டுக்கு மட்டையைத் திருப்புவதற்குள் பந்து கடந்துபோய்க்கொண்டிருந்தது. வெட்டிய றப்பர் ஒன்று ஸ்பொஞ்சின் கடினத்தைப் பொறுத்து 45 முதல் 50 கிராம் வரை, சிலவேளை அதற்கும் மேல் வரும். அதைக் கழித்துப் பார்த்து, மொத்தம் 180 கிராமைச் சுற்றி அமையும்படி 85 முதல் 88 கிராம் வரையான பிளேட்டைத் தேடுவது என்று அப்போதுதான் தீர்மானித்தேன்.

மட்டைக்கும் கைக்கும் இடையிலான பழக்கம் எவ்வளவு நுட்பமானது என்பதை 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் உலகமே பார்த்தது. கலப்பு இரட்டையரில் தங்கம் வென்ற வாங் சூச்சினின் பிரதான மட்டை, படப்பிடிப்பாளர்களின் நெரிசலில் மிதிபட்டு உடைந்தது. மறுநாள் மாற்று மட்டையோடு ஆடிய அவர், சுவீடனின் ட்ரூல்ஸ் மோரகோர்டிடம் ஒற்றையரில் தோற்றார். தோல்விக்கு மட்டைதான் முழுக் காரணம் என்று சொல்ல முடியாது, அவரும் அப்படிச் சொல்லவில்லை. இருந்தாலும், உலக முதல்நிலை வீரர் ஒருவரின் மாற்று மட்டையைப் பற்றி எல்லோரும் அன்று பேசியதில் நியாயம் இருந்தது.

வெளிப் பலகையின் மரத்தையும் கவனிக்க வேண்டும். பந்தின் அடி முதலில் சேர்வது அதற்குத்தான். ஐந்து பலகைத் தாக்குதல் பிளேட்டுகளில் மிகவும் பரவலாகக் காணப்படுவது லிம்பா. மேற்கு ஆபிரிக்காவில் வளரும் இந்த மரம் எங்கள் ஆற்றோர மருத மரத்தின் பேரினத்தைச் சேர்ந்தது. இதை அறிந்தபோது எனக்குச் சொல்ல முடியாத மகிழ்ச்சி ஏற்பட்டது. லிம்பா மிதமான மென்மை உடையது, பந்து அதில் பதிந்து போவது தெரியும். கோட்டோ அதைவிடக் கடினம். அடி கூர்மையாகவும் ஒலி உயர்ந்தும் இருக்கும். வால்நட், ரோஸ்வுட் போன்றவை இன்னும் இறுக்கமான உணர்வைத் தருகின்றன. ஹினோகி என்னும் ஜப்பானிய மரம் தனி வகை: தொடுகையில் மென்மை, ஆனால் தடித்த பலகையாக வைத்தால் மிகுந்த வேகம். பேனாவைப் பிடிப்பது போலப் பிடித்து ஆடும் ஜப்பானிய வகை மட்டைகள் ஒற்றை ஹினோகிப் பலகையாலேயே செய்யப்படுகின்றன. நடுப் பலகைக்கு அயூஸ் என்னும் இலேசான மரம் அதிகம் பயன்படுகிறது. தடிப்பின் பெரும்பங்கு அதுவே என்பதால் நிறையைத் தீர்மானிப்பதும் அதுதான்.

பெயர்களைக் கேட்பவர்களுக்கு என் எண்ணத்தைச் சொல்கிறேன். பட்டர்ஃபிளை நிறுவனத்தின் கோர்பெல், பிறிமோரட்ஸ் இரண்டும் ஐந்து பலகை, லிம்பா வெளிப் பலகை. கோர்பெல் 1996 அட்லாண்டா ஒலிம்பிக் ஒற்றையரில் நான்காம் இடம் பெற்ற செக் வீரரின் பெயர், பிறிமோரட்ஸ் 1993 இலும் 1997 இலும் ஒற்றையர் உலகக் கோப்பையை வென்ற குரோவேசிய வீரரின் பெயர். முதன்முறை தனிப் பிளேட் வாங்கும் தாக்குதல் ஆட்டக்காரருக்கு நான் இந்த வகையையே சொல்வேன். ஏழு பலகையில் ஸ்டிகாவின் கிளிப்பர் நீண்ட காலமாக நிலைத்து நிற்கிறது. கடினமான வெளிப் பலகை வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் ரோஸ்வுட் ஐந்து பலகை இருக்கிறது. நிட்டாக்குவின் அக்கூஸ்ரிக், இசைக்கருவி செய்யும் நுட்பத்தைக் கையாண்டு செய்யப்படுவது. மிருதங்கத்துக்குப் பலாக் கட்டையைத் தட்டித் தட்டித் தெரிவு செய்யும் ஊரில் வாழும் எங்களுக்கு அந்த எண்ணம் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் அதன் விலை, பாடசாலைப் பிள்ளையின் பெற்றோரிடம் கேட்கக்கூடிய விலையன்று. குறைந்த செலவில் தொடங்குபவருக்கு யின்ஹே போன்ற சீன நிறுவனங்களின் ஐந்து பலகை, ஏழு பலகைப் பிளேட்டுகள் போதும். அவற்றில் துண்டுக்குத் துண்டு நிறை வேறுபடலாம் என்பதால் தராசை மட்டும் மறக்கக்கூடாது.

ஓடாவியாரின் தட்டிப் பார்க்கும் முறையைக் கைப்பேசியிலும் செய்யலாம். ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து, றப்பர் ஒட்டாத பிளேட்டின் நடுவில் பந்தைத் துள்ளவிட்டால், உச்சமாகத் தெரியும் எண்ணை எழுதிக்கொள்ளலாம். என் ஐந்து பலகை 1200 ஹேர்ட்ஸைச் சுற்றிக் காட்டியது, அந்தக் கனத்த ஏழு பலகை 1400 ஐத் தாண்டியது. எண் கூடினால் விறைப்புக் கூட என்று கொள்ளலாம்.

கைப்பிடியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கில்லை. அடியில் விரிந்த பிடி கையில் இறுகி நிற்கும். நேரான பிடி விரலை மாற்றிச் சேர்வ் போட வசதி. உங்கள் உள்ளங்கை எதற்குப் பழகியிருக்கிறதோ அதையே வாங்குங்கள்.

றப்பரைத் தெரிவு செய்யும்போது மரத்தை மறந்துவிடக்கூடாது. வளையும் ஐந்து பலகையில் மிக மென்மையான ஸ்பொஞ்சை ஒட்டினால், பலமாக அடிக்கும்போது பந்து ஸ்பொஞ்சைக் கடந்து மரத்தில் முட்டி, அடி வெறுமையாகப் போகும். போர்ஹான்டில் நடுத்தரத்துக்கு மேல் கடினமான ஸ்பொஞ்சும், பாக்ஹான்டில் அதைவிட மென்மையானதும் என்பது எனக்குப் பொருந்திய சேர்க்கை.

மரப் பிளேட்டைப் பேணுவதில் ஒரு துயரமான பாடத்தையும் சொல்ல வேண்டும். என் பழைய பிளேட் ஒன்றின் தேய்ந்த றப்பரைக் கழற்றும்போது, அவசரத்தில் நாருக்குக் குறுக்காக ஒரே இழுவையில் இழுத்துவிட்டேன். உலர்ந்த இலை கிழிவது போன்ற சின்னச் சத்தம் கேட்டது. திருப்பிப் பார்த்தால், றப்பரின் பசைப் பக்கத்தில் விரல் நீளத்தில் லிம்பாச் சிராய்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. பலகையில் அதே வடிவத்தில் பள்ளங்கள். மெல்லிய வெளிப் பலகையில் அந்த அளவு போனால் அந்த இடத்தின் உணர்வு திரும்ப வராது. இப்போது புதுப் பிளேட் வந்தவுடன், நீரில் கரையும் வார்னிஷை மிக மெல்லியதாக ஒரே ஒரு தடவை பூசி உலரவிடுகிறேன். தடித்துப் பூசினால் மரத்தின் மென்மை போய்விடும். கழற்றும்போது மூலையிலிருந்து சாய்வாக, நாரின் போக்கில், மெதுவாக உரிக்கிறேன்.

வார்னிஷ் ஈரத்தையும் ஓரளவு தடுக்கும். ஐப்பசி பிறந்து மழை தொடங்கினால் எங்கள் நிலையத்துச் சுவரே வியர்க்கும். மரமும் அந்த ஈரத்தை உறிஞ்சும். சித்திரையில் 181 கிராம் காட்டிய என் மட்டை கார்த்திகையில் 183 காட்டியது, அடியும் சற்று மந்தமாயிற்று. உறைக்குள் வைத்துச் சிப்பை முழுவதும் இழுத்துவிடுவதும், மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழ் வெயிலில் விட்டுவிடாமல் இருப்பதும் அந்த மாதங்களில் நான் கடைப்பிடிக்கும் வழக்கங்கள்.

இப்போதுள்ள பிளேட் மிகவும் பிடித்துவிட்டதால், அதே வகையில் இன்னொன்றை மாற்றாக வைத்திருக்க விரும்பி மைத்துனருக்குச் சொல்லியிருந்தேன். சென்ற கிழமை அவர் கடையிலிருந்தே அழைத்து, மூன்று பெட்டிகளைத் திறக்கச் செய்து, மூன்றின் நிறையையும் வாசித்தார்: 83, 87, 91. நடுவிலிருந்ததைத் தட்டிக் காட்டும்படி கேட்டேன். தொலைபேசியில் அந்த ஒலி சரியாகக் கேட்கவில்லை, ஆனாலும் 87 ஐயே எடுக்கச் சொல்லிவிட்டேன். இந்த வருடக் கொடியேற்றத்துக்கு அவருடைய பெட்டியில் அது வருகிறது. றப்பர் ஒட்டுவதற்கு முன் ஓடாவியாரின் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.